தவளை தும்மாது

பீர் ஆலையில் எல்லாருக்கும் அவள் அத்தைதான். உண்மையில் அவள் அத்தை முறை ஆவது ஒரே ஒருவனுக்கு: ஆலையின் முதலாளி, அவளுடைய அண்ணன் மகன். அவன் கூப்பிடுவதைக் கேட்டு மூட்டை இறக்குகிறவர்கள் கூப்பிட்டார்கள், கேன் அடைக்கிற பெண்கள் கூப்பிட்டார்கள், கடைசியில் சோதனைக்கு வந்த வரி அதிகாரிகூட, "அத்தை, இங்க ஒரு கையெழுத்து" என்று பேனாவை நீட்டினார். வாய் நிறைய அத்தை என்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை.

பீர் காய்ச்சுவது அவள் வேலை. வேதியியல் படித்துவிட்டு ஒரு பால் பண்ணையின் சோதனைக்கூடத்தில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தவள். அம்மா படுத்த படுக்கையானதும் வேலையை விட்டாள். அம்மா போனபிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு டிவிதான் மிஞ்சியது. அப்போதுதான் மருமகன் வந்து கூட்டிப்போனான். பால் கெடாமல் பார்த்துக்கொண்டிருந்தவளைப் பார்லியைப் பக்குவமாகக் கெடவைக்கக் கூட்டிப்போய்விட்டான் என்று அக்கா இன்றைக்கும் போனில் குத்திக்காட்டுவாள். அத்தை அதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. அவள் ஒரு மடக்குக்கூடக் குடிப்பவள் அல்ல. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவாள், அவ்வளவுதான்.

ஆலையைத் தூக்கி நிறுத்தியது "ஒற்றைத் தவளை" என்கிற பேல் ஏல் வகைப் பீர். வெளிர் பொன்னிறம், ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருகிற வாசனை, கடைசியில் லேசாக ஒரு கசப்பு. ஆனால் அது விற்றதற்குக் காரணம் வாசனையும் இல்லை, கசப்பும் இல்லை. கேனில் ஒரு தவளையின் படம் இருந்தது. பச்சை உடம்பு, வெள்ளிக் காசு மாதிரிக் கண். அந்த இனத்தில் உலகத்திலேயே மிச்சம் இருப்பது இது ஒன்றுதான் என்றும், ஒவ்வொரு கேனிலும் ஒரு பங்கு இதைப் பாதுகாக்கிற மையத்துக்குப் போகிறது என்றும் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. சும்மா குடித்தால் குற்ற உணர்ச்சி வருகிறவர்கள் எல்லாம் இதை நிம்மதியாகக் குடித்தார்கள். இரண்டாவது கேனைத் திறக்கும்போது தவளைக்காக என்று சொல்லிக்கொள்ளலாம் பாருங்கள்.

மையம் என்று பெரிதாகச் சொன்னாலும் அது ஆளில்லாத மலையடிவாரத்தில் குளிரூட்டப்பட்ட ஓர் இரும்புக் கொட்டகை. ஆலையிலிருந்து ஒருநாள் பயணம். உள்ளே கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் இந்த வெள்ளிக்கண், மற்றவற்றில் அழிந்துகொண்டிருக்கிற வேறு சில தவளைகள். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள். ஆலையில் அவருக்குத் தவளைக்காரர் என்று பெயர். அவருடைய சம்பளமும் தவளைகளின் சாப்பாடும் இந்த பேல் ஏலிலிருந்துதான் போயின.

முதல் முறை காய்ச்சியபோது மருமகன் விளம்பரத்துக்காக ஒரு வேலை செய்தான். காய்ச்சிய சாறு ஆறி, பெரிய தொட்டிக்குள் போய், ஈஸ்ட் போடவேண்டிய நேரம். ஈஸ்ட் விழுந்தால்தான் அந்த இனிப்புச் சாறு பீராகும். அந்த நேரம் பார்த்துத் தவளைக்காரருக்குப் போன் போட்டு, தவளையின் குரலைத் தொட்டியின் வாய்க்குள் கேட்கவைத்து, அதைப் படம் பிடித்தான். ஈஸ்டும் கேட்கட்டும் என்றான். படம் நன்றாக ஓடியது. அதோடு அவன் மறந்துவிட்டான். அத்தை மறக்கவில்லை.

அடுத்தமுறை ஈஸ்ட் வாளியோடு ஏணிமேல் நின்றபோது, போன் போடாமல் அதைக் கவிழ்க்க அவளுக்குக் கை வரவில்லை. காய்ச்சுகிறவர்களுக்கு இப்படிச் சில பிடிவாதங்கள் உண்டு. ஒருமுறை நன்றாக வந்துவிட்டால், அன்றைக்குப் போட்டிருந்த செருப்பைக்கூட மாற்றமாட்டார்கள். அத்தை தானே நம்பரைத் தேடிப் போட்டாள். தவளைக்காரர் கண்ணாடித் தொட்டிக்கு மேலே இருந்த தூறல் குழாயைத் திறந்தார். மழை வந்துவிட்டது என்று நினைத்துத் தவளை கத்தியது. கத்தும், கொஞ்சம் நிறுத்தும், மறுபடி கத்தும்.

"எதுக்கு நடுவுல நிறுத்துது?" என்று அத்தை கேட்டாள்.

"பதில் வருதான்னு பாக்குதுங்க" என்றார் அவர்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பீர்க் காய்ச்சலுக்கும் அது வழக்கமாகிவிட்டது. தவளை முடித்ததும் உடனே போனை வைத்துவிடுவதில்லை. அவர் பேசுவார். தவளைகளுக்கு வளர்க்கிற சிள்வண்டுகள் டப்பாவிலிருந்து தப்பித்து அவர் படுக்கைக்குள் குடியேறிய கதையைச் சொல்வார். அத்தை தொட்டி பொங்கி நுரை மேற்கூரையைத் தொட்டதைச் சொல்வாள். அவருக்கு மனைவி இறந்துவிட்டாள், மகன் எப்போதாவது பேசுவான் என்பதெல்லாம் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் ஒரு காய்ச்சலுக்கும் அடுத்த காய்ச்சலுக்கும் நடுவே எது நடந்தாலும் இதை அவரிடம் சொல்லவேண்டும் என்று அத்தை மனசில் எடுத்துவைத்துக்கொண்டாள். ஆலைக்கு மேலே இருந்த தன் அறையில், ஒரு தட்டு ஒரு டம்ளர் கழுவி வைத்துவிட்டு, சொல்லவேண்டியவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பாள். அந்த நேரத்தில் மட்டும் டிவியை அணைத்துவிடுவாள்.

குளிர்காலம் முடிகிற சமயம் ஒரு காய்ச்சல். தவளை கத்தியது. நாலாவது கத்தலுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், அது பதிலுக்குக் காத்திருக்கிற இடத்தில், அவர் தும்மினார். அடக்கப்பார்த்து முடியாமல் வந்த தும்மல்; பின்னாலேயே 'ச்சே' என்று ஒரு சலிப்பு. அத்தைக்குச் சிரிப்பு வந்தது. வெந்நீர் குடிக்கச் சொன்னாள். சரிங்க என்றார். அன்றைக்கு அவர் அதிகம் பேசவில்லை.

அடுத்த காய்ச்சலில் அதே இடத்தில் அதே தும்மல். அதே 'ச்சே'.

"இன்னும் சளி விடலையா?"

"ஆமாங்க. விடமாட்டேங்குது."

அத்தை ஈஸ்டைக் கவிழ்த்துவிட்டு இறங்கினாள். கை கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. குழாயை மூடாமல் அப்படியே நின்றாள். அதே மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி, கசப்புக்கு அதே ஹாப்ஸ் பூ, அதே தண்ணீர் போட்டு, அதே சூட்டில் காய்ச்சினாலும் ஈஸ்ட் ஒருநாளும் முன்பு மாதிரியே நடந்துகொள்ளாது. ஒருமுறை சோம்பேறித்தனம் பண்ணும், ஒருமுறை அவசரப்படும். அதை இழுத்துப்பிடித்து ஒரே சுவைக்குக் கொண்டுவருவதுதான் அவள் பிழைப்பே. உயிருள்ளது எதுவும் இரண்டுதடவை அச்சு அசலாக ஒரே மாதிரி வராது என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அவள் கேட்டது பதிவு பண்ணி வைத்திருந்த குரல். அப்படியானால் தவளை இல்லை.

இதை உடனே மருமகனிடம் சொல்லியிருக்கவேண்டும். கேனில் அச்சடித்திருப்பது பொய் என்று தெரிந்தபிறகும் அதைக் கடைக்கு அனுப்புவது தப்பு என்று அவளுக்குத் தெரியாதா என்ன. மாடிப்படி ஏறும்போதெல்லாம் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பாள். இறங்கும்போது வாயை மூடிக்கொள்வாள். மருமகன் ஏற்கெனவே ஒரு கிளியின் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு திரிந்தான். கேனில் கிளி எடுப்பாக இருக்கும், தவளையைப் பார்த்தால் சிலர் முகம் சுளிக்கிறார்கள் என்பது அவன் கணக்கு. தவளை போய்விட்டது என்று தெரிந்தால் கிளி வந்துவிடும். கிளிக்கு வேறு மையம், வேறு ஆள். கொட்டகையில் இருக்கிற மற்ற தவளைகளின் கதி என்ன என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டது உண்மைதான். ஆனால் அவள் வாயை அடைத்தது தவளைகள் இல்லை. சொல்லிவிட்டால் அப்புறம் போன் போடக் காரணம் இருக்காது.

அதற்கடுத்த காய்ச்சலில் தும்மலுக்காகவே காத்திருந்தாள். வந்தது. இத்தனைக்கும் அது தவளை உயிரோடு இருந்தபோது அதன் பக்கத்தில் எப்போதோ போட்ட தும்மல்; இருந்தாலும் அதில் அவர் இருந்தார். பழக்கதோஷத்தில் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்தச் சளியை இப்படியே விடாதீங்க. ஒரு டாக்டரைப் பாத்துடுங்க."

பார்க்கிறேங்க என்று சொல்லிவிட்டுத் தொட்டி கழுவவேண்டும் என்று வைத்துவிட்டார். சிள்வண்டுக் கதை எதுவும் இல்லை.

அந்த வாரமே மருமகன் குதித்துக்கொண்டு வந்தான். ஒற்றைத் தவளை வெளிவந்த நாளைக் கொண்டாடப்போகிறானாம். படம் எடுக்கிற ஆட்களோடு அடுத்தவாரம் மலையடிவாரம் போய், வெள்ளிக்கண்ணைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நேரடியாகக் காட்டப்போகிறானாம். அதற்காகவே ஒரு பெரிய காய்ச்சல். தவளைக்காரரிடம் இப்போதே சொல்லவேண்டாம், திடீரென்று போய் நின்றால்தான் படத்தில் இயல்பாக இருக்கும் என்றான். அத்தை தலையாட்டினாள். அவன் போனதும் மால்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். படம் எடுக்கிறவர்கள் முன்னால், காலியான தொட்டிக்குப் பக்கத்தில் அந்த மனிதர் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்கமுடியவில்லை. அவரை முன்கூட்டியே எச்சரிக்கவேண்டும். எச்சரித்தால் எல்லாம் தெரியும் என்று ஒப்புக்கொண்டதாகும். அதோடு போன் முடிந்தது.

காய்ச்சல் நாள். காலையிலிருந்தே மழை பெய்து, ஆலையின் தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. மால்டை ஊறவைத்து, சாற்றை வடித்து, கொதிக்கவிட்டு, ஹாப்ஸ் போட்டு, ஆறவைத்துத் தொட்டியில் ஏற்றிமுடிக்கப் பிற்பகல் ஆனது. கேன் அடைக்கிற பெண்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கீழே வேலையாக இருந்தார்கள். அத்தை ஈஸ்ட் வாளியோடு ஏணி ஏறினாள். என்ன சொல்லவேண்டும் என்று முந்தின நாளே ஒத்திகை பார்த்திருந்தாள். எங்க பையன் வரப்போறான், நீங்க முந்திக்கிட்டு நீங்களே சொல்லிடுங்க, நான் பாத்துக்கறேன். இவ்வளவுதான். சுருக்கமாகச் சொல்லிவிட்டு வைத்துவிடவேண்டும்.

அவர் எடுத்தார். நலமா என்றார், நலம் என்றாள். இருங்க, குழாயைத் திறக்கிறேன் என்றார். அந்தப் பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராத மனிதர். தூறல் சத்தம் கேட்டது. தவளை கத்தியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஐந்தாவது உடனே வந்துவிட்டது. நடுவில் இருந்த இடைவெளியே இல்லை. அவர் பதிவைப் போட்டுக் கேட்டுப் பார்த்துத் தும்மலை வெட்டி எடுத்திருக்கிறார். டாக்டரைப் பாருங்கள் என்று இவள் சொன்னது அவருக்கு உறுத்தியிருக்கிறது. அதோடு பதிலுக்குக் காத்திருக்கிற நேரமும் வெட்டுப்பட்டுப்போய், தவளை மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தது.

ஒத்திகை பார்த்ததெல்லாம் அத்தைக்கு மறந்துபோனது. இருந்த ஒரே ஒரு தும்மலையும் யாரோ பறித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"தும்மல் எங்க?" என்றாள்.

தவளை இன்னும் இரண்டுமுறை கத்தியது. அப்புறம் சட்டென்று நின்றது, அவர் நிறுத்தியிருப்பார். குளிரூட்டி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்.

"ரெண்டாவது தும்மல்லேர்ந்து."

"சொல்லவே இல்லையே."

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

அவர் மெதுவாகச் சொன்னார். குளிர்காலத்தில் ஒருநாள் காலையில் பார்த்தபோது தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கால்களை மடக்கிக்கொண்டு இருந்ததாம். வயசாகிவிட்டது, வேறு ஒன்றுமில்லை. தொட்டியைக் கழுவாமல், இலைகளைக்கூட மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறாராம். வேளாவேளைக்குத் தூறலைத் திறந்துவிடுகிறாராம். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

"யார்கிட்டச் சொல்றதுன்னு யோசிச்சேன்" என்றார். "எனக்குச் சொல்றதுக்கு இருந்ததே நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்டச் சொன்னா அப்புறம் நீங்க கூப்பிட மாட்டீங்க."

அத்தை தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. ஐம்பது தாண்டினவள், ஏணி உச்சியில் ஒரு கையில் வாளியோடு நின்று அழுவதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கீழே பார்த்தாள். ஒருவரும் நிமிரவில்லை. தனக்கும் அதே பயம்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக மருமகன் வரப்போவதைச் சொன்னாள். அவனிடம் தானே இன்றைக்குப் பேசுவதாகச் சொன்னாள். சரிங்க என்றார். அவள் வைக்கும்வரை அவரும் வைக்கவில்லை.

மருமகன் முதலில் நம்பவில்லை. அப்புறம் நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் தடவிக்கொண்டான்.

"அப்ப இத்தனை நாளா செத்த தவளையைக் காப்பாத்திக்கிட்டு இருந்தோமா அத்தை?"

"ஆமா."

"உனக்குத் தெரிஞ்சும் நீ சொல்லல."

"சொல்லல. என் தப்புதான். அந்த மனுஷனை ஒண்ணும் சொல்லாதே."

அவன் கத்துவான் என்று நினைத்தாள். கத்தவில்லை. அத்தையை அவன் அவ்வளவு நேரம் உற்றுப்பார்த்ததே அதுதான் முதல்தடவை. கடைகளில் இருந்த கேன்களைத் திருப்பி எடுத்தான். தவளை இறந்துவிட்டதை ஆலையின் பெயரிலேயே அறிவித்து, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டான். சிலர் திட்டினார்கள், சிலர் அழுதார்கள், பலபேர் வேறு பீருக்குப் போய்விட்டார்கள். கிளியைக் கொண்டுவரத் துடித்தவனிடம் அத்தை தன் வாழ்நாளில் முதல்முறையாக மல்லுக்கு நின்றாள். அந்தக் கொட்டகையிலேயே இன்னொரு தவளை இருக்கிறது, அதுவும் அழிந்துகொண்டிருக்கிறது, அதைப் போடு என்றாள். படத்தைப் பார்த்தவன், உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கிறதே என்றான். கடைசியில் கொஞ்சநாள் பார்ப்போம் என்று இறங்கிவந்தான்.

இந்தத் தவளையில் ஒரே ஒரு குறை. அது கத்தாத இனம். குரலே கிடையாது. உடம்பு அசைவிலேயே ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளுமாம்.

புது லேபிளோடு வருகிற முதல் காய்ச்சல். சாறு ஆறித் தொட்டிக்கு வந்துவிட்டது. அத்தை ஏணி ஏறினாள். போனைக் கீழேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். கத்தாத தவளைக்கு எதற்குப் போன்? வாளியைத் தூக்கினாள். கை வரவில்லை. இந்தமுறை செருப்பு, சகுனம் என்றெல்லாம் காரணம் சொல்லித் தன்னை ஏமாற்றிக்கொள்ளவும் முடியவில்லை. வாளியை வைத்துவிட்டு இறங்கி, போனை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க மறுபடி ஏறினாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் போலிருந்தது. இரண்டுபேருக்கும் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடுவில் தவளை இல்லாமல் அவர்கள் பேசிப் பழகவில்லை.

"இது கத்தாதுங்க" என்றார்.

"தெரியும்."

"இருந்தாலும் போனைத் தொட்டிக்கிட்ட கொண்டுபோய்க் காட்டட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் அத்தை. "உங்க காதுலயே இருக்கட்டும்."

அந்தப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. சாப்பிட்டீங்களா என்று கேட்டார். அத்தை ஒரு கையால் வாளியைத் தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டே, இன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்று சொன்னாள். நேற்றுச் சாப்பிட்டதையும் சேர்த்துச் சொன்னாள்.